ஓரத்தில் எழுதியது

பணகுடிக்கு மேற்கே
காத்தாடிகள் ஓயாமல் சுற்றும் ஆனி மாதம்.
மைதானத்தில் நான்கு விளக்குக் கம்பம்,
ஒன்றில் விளக்கில்லை.
கம்பெனி கொடுத்த படிவத்தோடு உட்கார்ந்திருக்கிறேன்,
பிளாஸ்டிக் நாற்காலியின் ஒரு கால் மணலுக்குள்.

உயரம்: ஆறடி மூன்றங்குலம்.
நின்று எட்டுவது, குதித்து எட்டுவது,
முழங்காலில் பழைய அடி உண்டா,
அப்பாவுக்கு என்ன வேலை என்றுகூட ஒரு கட்டம்.
செங்கல் லாரி. எழுதியாச்சு.

பையன் ஜெப்ரின் செல்வகுமார்,
பாளையங்கோட்டைக் கல்லூரி, மூன்றாம் வருஷம், செட்டர்.
ஏலத்துக்குப் பத்து நாள்.
எங்கோ ஓர் ஏசி அறையில்
ஒருவர் பலகையைத் தூக்குமுன்
என் பென்சில் சொன்னதை ஒருதரம் பார்ப்பார்.
பென்சில் பிடிக்கிற கையில்
மோதிர விரல் மடங்காது எனக்கு.
நான் தடுத்து ஆடிய காலத்தின் மிச்சம்.

செட்டரிடம் பந்து தங்குவதில்லை.
பிடிக்கக் கூடாது, வைத்திருக்கக் கூடாது,
பத்து விரலில் வாங்கி
யாருக்கோ கொடுத்துவிட வேண்டும்.
அடித்தவனுக்குக் கைதட்டல்.
அடித்தது வெளியே போனால்
"என்னல செட்டு போடுத?" இவனுக்கு.

நல்ல பாஸ் வந்தால் எவனும் செட்டர்தான்.
அதனால் நல்ல பாஸ்களை நான் எண்ணுவதில்லை.
கோணல் பந்துக்குக் காத்திருக்கிறேன்.
இங்கே காற்றே கோணல்;
ஆரல்வாய்மொழி இடுக்கில் புகுந்து வந்து
பந்தை ஒரு சாண் நகர்த்திவிட்டுப் போகிறது.
எட்டுப் பந்து அப்படி.
ஆறுக்கு ஓடினான்.
இரண்டுக்கு முன்பே அங்கே நின்றான்.
அந்த இரண்டுக்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்.

மூன்று வருஷம் முன்னால் நாங்குநேரியில்
வேல்துரைக்கு எல்லாக் கட்டத்திலும் ஒன்பது போட்டேன்.
அப்படி ஒரு கை, பஞ்சில் பட்ட மாதிரி பந்து.
இரண்டு சீசனாகத் தண்ணீர்ப் பாட்டிலோடு
கோட்டுக்கு வெளியே நிற்கிறான்.
பொங்கலுக்கு ஜெர்சி போட்ட படம் அனுப்புவான்,
"எல்லாம் ஒங்களாலதான் அண்ணாச்சி."
அதை எப்படி எடுத்துக்கொள்வது?
அன்றே குள்ளமென்று நான் அடித்துவிட்ட
திசையன்விளைக்காரன் ரயில்வேக்கு ஆடுகிறான்.
அவன் படம் அனுப்புவதில்லை.

ஐந்தாவது செட். பதிமூன்று, பதினான்கு.
இடப்பக்கம் பேச்சிக்கண்ணு,
வரிசையாக மூன்றை வலையில் அடித்தவன்,
உள்ளங்கையை டவுசரில் தேய்த்துக்கொண்டே நிற்கிறான்.
வலப்பக்கம் தடுக்க ஆளில்லை,
ஊருக்குப் போனவன் பூட்ட மறந்த வீடு.
எனக்குத் தெரிகிறது. சேமியா ஐஸ் விற்கிறவருக்கும் தெரிகிறது.
ஜெப்ரின் பார்த்தான்.
பார்த்ததை நான் பார்த்தேன்.
பார்த்துவிட்டுப் பேச்சிக்கண்ணுவுக்கே கொடுத்தான்.
வலை.
ஆட்டம் முடிந்தது.

'தீர்மானம்' என்ற கட்டத்தில் நான்கு போட்டேன்.
பிறகு மனசு கேட்காமல் கிட்டே போனேன்.
"வலது பக்கம் காலியாக் கெடந்துச்சுல்லா?"
"ஆமா."
"பெறகு?"
முகத்தைத் தோளில் துடைத்தான்.
"நாளைக்கு லீக்ல இன்னொரு மேட்ச் இருக்கு.
இன்னைக்குக் குடுக்காம விட்டா
நாளைக்கு அவன் கையவே தூக்க மாட்டான்."

புத்தியா, சாக்கா?
தோற்றவன் வாயில் இரண்டுக்கும் ஒரே குரல்.
நாளைக்கு இருந்து பார்த்தால் தெரியும்.
நாளைக்கு எனக்குத் தூத்துக்குடி,
இன்னொரு செட்டர், இன்னொரு படிவம்.

கடைசி பஸ்ஸில் நான்கை அழித்து ஏழு எழுதினேன்.
வள்ளியூர் வருமுன் ஏழையும் அழித்தேன்.
அந்த இடத்தில் தாள் மெலிந்து
மறுபக்கத்து எழுத்து தலைகீழாகத் தெரிகிறது.
நாங்குநேரியில் பஸ் நின்றது.
யாரும் ஏறவில்லை.
கண்டக்டர் விசில் ஊதக் கொஞ்சம் நேரமாயிற்று.